அப்பாவின் இடது காதும் அந்தச் சிரிப்புப் படமும்

தம்பி,

நாளைக் காலை மருமகள் வசந்தி என் ரத்த அழுத்த மாத்திரைகளோடு வருவாள். இந்தக் கடிதத்தை அவள் கையில் கொடுத்தனுப்புவேன். மாலைக்குள் நீ இதைப் படித்துவிட வேண்டும். உன் துண்டுப்பிரசுரம் செவ்வாய்க்கிழமை அச்சுக்குப் போகிறது என்றாய். அதன் இரண்டாம் பத்தியை அச்சிடாதே. அதற்குக் காரணம் சொல்லத்தான் இத்தனை பக்கங்கள். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ நடுவில் பேசுவாய், நானும் அதைச் சாக்காக வைத்து நிறுத்திவிடுவேன். ஐம்பது வருடமாக நிறுத்தி நிறுத்தி வைத்த விஷயம் இது.

சனிக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபத்தில் நீயும் உன் நண்பர்களும் அந்தப் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைக் காட்டப்போகிறீர்கள். யுத்தம் நடந்துகொண்டிருந்தபோதே நாஜிகளைக் கேலி செய்து எடுத்த படம். படத்துக்கு முன்னால் நான் பத்து நிமிடம் மலாயாவை ஜப்பானியர் ஆண்ட காலத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டாய். பிரசுரத்தின் இரண்டாம் பத்தியில் என்னை இப்படி அறிமுகப்படுத்தியிருக்கிறாய்: ஜப்பானியனுக்குத் தலைவணங்க மறுத்து ஒரு காதின் செவிப்புலனை இழந்த, ரயில்வே ஆபீசில் கணக்கு எழுதிய கிராணியின் மனைவி. போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு மேசையில் வைத்து வசந்தியை அதை உரக்க வாசிக்கச் சொன்னாய். தேநீர் ஆறிப்போயிற்று என்று அடுப்படிக்குப் போனேன். நினைத்துப் பார், என் தேநீர் எப்போதாவது ஆறியிருக்கிறதா?

உனக்குத் தெரியாத ஒன்றையும் அன்று பார்த்தேன். வசந்தி முதல் தடவை வாசித்தபோது அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது. ஒரு சொல்லில் தடுக்கினாள். "திரும்ப வாசி" என்றாய். இரண்டாம் தடவை சிரிப்பு இல்லை. இன்னொரு இடத்தில் மூச்சு விட்டாள். "இல்ல, அங்க நிறுத்தக்கூடாது. மொதல்லேருந்து" என்றாய். மூன்றாம் தடவை அவள் ஒரு பிழையும் விடவில்லை. குரலில் அவளும் இல்லை. நீ திருப்தியாகத் தலையாட்டினாய். அந்தத் தலையாட்டல் என்னுடையது, தம்பி. உன் அப்பா யாரையும் திரும்பச் செய்யச் சொன்னதில்லை.

ஒத்திகைக்காக நீ விட்டுப்போன வீடியோ டேப்பை இந்த வாரம் மூன்று காலைகளில் மூன்று தடவை பார்த்தேன். கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன். எதிர்வீட்டு ஆன்டி மணியடித்தபோதும் திறக்கவில்லை. முதலில் படத்தைப் பற்றிச் சொல்கிறேன். அது நல்ல படம். பள்ளியில் கன்னியாஸ்திரிகள் எங்களுக்கு எதையும் லேசில் நல்லது என்று சொல்லக்கூடாது எனப் பழக்கியிருந்தார்கள். ஆகவே இந்தச் சொல்லை நான் எண்ணித்தான் எழுதுகிறேன்.

நாஜிகள் பிடித்த ஒரு சின்ன ஊர். ஒரு பெரிய ஜெனரல் வரப்போகிறான். ஊரார் எல்லோரும் கையை நீட்டி வணக்கம் சொல்லப் பழக வேண்டும். பழக்குவதற்கு ஆள் வேண்டும். ஊரிலேயே கண்டிப்புக்குப் பேர்போன பியானோ டீச்சரைப் பிடித்துப் போடுகிறார்கள். அவள் கெட்டவள் இல்லை. எதுவும் ஒழுங்காக நடக்க வேண்டும், அவ்வளவுதான். கையில் ஒரு மெல்லிய குச்சி. ரொட்டிக்காரனின் முழங்கையைத் தட்டி "மறுபடி" என்கிறாள். அவன் கை மாவுப் பிசுக்கோடு மேலே போய், பாதியில் தொங்குகிறது. மறுபடி. கடைசியில் ஜெனரல் வருகிறான். ஊரே அச்சுப் பிசகாமல் வணக்கம் சொல்கிறது. சொல்லிக்கொண்டே இருக்கிறது. அவன் பதில் வணக்கம் சொல்லியே ஆக வேண்டும். விருந்தில் சூப்பைக் கரண்டியில் எடுக்கிறான், சமையல்காரி வணக்கம் வைக்கிறாள், கரண்டி கீழே போகிறது. எடுக்கிறான், பரிமாறுகிறவன் வணக்கம் வைக்கிறான். அந்தச் சூப்பை அவன் கடைசிவரை குடிக்கவில்லை. அவன் கை மேலும் கீழும் போய்க்கொண்டிருக்கும்போதே நிலவறையில் ஒளிந்திருந்த ஒரு குடும்பம் பின்வாசலால் தப்பிப் போகிறது.

இரண்டாம் தடவை பார்த்தபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். ஒவ்வொரு சிரிப்புக்கும் முன்னால் அந்த மனிதர்களின் கைகளைக் காட்டுகிறார்கள். அவை நடுங்குகின்றன. பயத்தைப் பற்றி அந்தப் படம் ஓரிடத்திலும் பொய் சொல்லவில்லை. மூன்றாம் தடவைதான் எனக்குப் புரிந்தது. இதை எடுத்தவர்களுக்கு யுத்தம் எப்படி முடியும் என்று தெரியாது. நீயும் நானும் முடிவு தெரிந்துகொண்டு சிரிக்கிறோம். அவர்கள் தெரியாமல் சிரித்தார்கள். நாளைக்கு அந்த ஜெனரல் தங்கள் தெருவுக்கே வரலாம் என்ற நிலையில் சூப்புக் கரண்டியை வைத்து விளையாடினார்கள். சனிக்கிழமை நீ மேடையில் சொல்ல வேண்டியது இதுதான். பத்திரிகையில் எவரோ எழுதியதை எடுத்து ஒப்பிக்காதே.

நான் இதைச் சொல்ல, "அம்மாவா இப்படிச் சொல்றாங்க" என்று நீ நினைப்பாய். எழுபதுகளில் நீ பல்கலைக்கழகத்தில் படித்தபோது கோலாலம்பூரில் ஒரு திரைப்படக் குழு இதே படத்தைக் காட்டியது. எங்களை வற்புறுத்திக் கூட்டிப்போனாய். வழக்கம்போல் அப்பா என் இடப்பக்கம் உட்கார்ந்தார், அவருடைய நல்ல காது என் பக்கம் இருக்கும்படி. அவருக்கு அந்தப் பக்கம் நீ. பியானோ டீச்சர் குச்சியோடு வந்தாள். அவள் "மறுபடி" என்று முதல் தடவை சொன்னதும் மண்டபம் சிரித்தது. இரண்டாம் தடவை நீ தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தாய். மூன்றாம் தடவை நான் எழுந்து வெளியே போனேன். பின்னால் ஓடிவந்து கேட்டாய்.

"அம்மா, படம் இன்னும் முடியலையே. எங்க போறீங்க?"

"எனக்குத் தலையிடி. நீ இருந்து பார்த்திட்டு வா."

"சும்மா ஒரு காமெடிதானேம்மா. கொஞ்சம் சிரிச்சா என்ன?"

"யுத்தத்தைக் கண்ணாலை கண்டவை அதைப் பார்த்துச் சிரிக்க மாட்டினம்."

நான் சொன்ன அந்த வாக்கியம் உன் வாயை அடைத்துவிட்டது. நீ தலைகுனிந்து உள்ளே போனாய். அதற்குப் பிறகு நம் வீட்டில் அது ஒரு சட்டமாகவே ஆகிவிட்டது. யுத்தத்தைப் பற்றிப் பகடி பேசக்கூடாது, அம்மா நொந்துபோவாள். முதுகுக்குப் பின்னால் "அம்மாவுக்குச் சிரிக்கத் தெரியாது" என்று நீ சொன்னதும் எனக்குத் தெரியும். இரண்டையும் நான் ஏற்றுக்கொண்டேன். எனக்கு இரண்டுமே வசதியாக இருந்தன. அந்த வாக்கியம் பொய், தம்பி. அன்று என்னை எழுப்பியது யுத்தம் இல்லை. இருட்டில் அப்பா என் பக்கம் சாய்ந்தார். ஒரு காது கேளாதவர்களுக்குத் தங்கள் குரல் எவ்வளவு உயர்கிறது என்று தெரியாது. குசுகுசுப்பதாக நினைத்துக்கொண்டு, மூன்று வரிசைக்குக் கேட்கும்படி, குழந்தையின் சந்தோஷத்தோடு, திரையில் நின்ற டீச்சரைக் காட்டிச் சொன்னார்: "இஞ்ச பாரும், நீர்!"

ஆம், அது நான்தான்.

என் பள்ளிக்கூடம் கிள்ளானில் இருந்தது என்பது உனக்குத் தெரியும். நடை, நிமிர்வு, உச்சரிப்பு ஆகியவற்றுக்கு எனக்குப் பரிசு கிடைத்ததும் தெரியும். அந்தப் பரிசுப் புத்தகத்தை உன் சிறுவயதில் எத்தனை தடவை காட்டியிருப்பேன். ஜப்பானியர் வந்து பள்ளிக்கூடத்தை மூடியபோது எனக்குப் பதினேழு வயது. அவர்கள் நடத்திய மொழி வகுப்பில் சேர்ந்தேன். மூன்று மாதத்தில் முதலாவதாக வந்தேன். இதுவரை உன்னிடம் சொல்லியிருக்கிறேன், ஒரு மொழியைக் கற்ற பெருமையாக. அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லவில்லை. கிள்ளான் ரயில்வே ஸ்டோர் ஆபீசில் எனக்கு வேலை கொடுத்தார்கள். இருபத்தாறு கிராணிமார். பாதிப்பேர் என்னைப் பெற்ற ஐயாவின் வயது. தினமும் காலையில் அவர்களை வரிசையில் நிறுத்தி, ஜப்பானிய அதிகாரிக்கு எப்படிக் குனிந்து வணங்குவது என்று பழக்குவதுதான் வேலை.

இடுப்பிலிருந்து மடிய வேண்டும். கழுத்தை மட்டும் சாய்த்தால் அது அவமரியாதை. கைகள் தொடையோடு ஒட்டியிருக்க வேண்டும். மூன்று எண்ணும்வரை கீழே, பிறகு ஒரே சீராக மேலே. பள்ளியிலிருந்து கொண்டுவந்த, கோடு போடும் மர அடிமட்டத்தை வைத்துக்கொண்டு முதுகு முதுகாகப் பார்ப்பேன். தவறாகக் குனிந்தவனைச் சந்தியில் ஜப்பானியக் காவல்காரன் கன்னத்தில் அறைவான். ஆகவே நான் இவர்களை அடியிலிருந்து காப்பாற்றுகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது உண்மையும்கூட. ஆனால் பாதி உண்மைதான். இருபத்தாறு முதுகுகள் என் குரலுக்கு ஒரே கோட்டில் இறங்கும்போது என் நெஞ்சில் வந்த நிறைவு இருக்கிறதே, அதற்கும் அவர்களைக் காப்பாற்றுவதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது. இந்த வரியை எழுதப் பேனாவை மூன்று தடவை கீழே வைத்துவிட்டேன்.

இரண்டாம் வரிசையின் ஓரத்தில் ஒல்லியாக ஒருவர் நிற்பார். ஸ்டோர் கிராணி, இருபத்துமூன்று வயது. எல்லோரும் நிமிர்ந்த பிறகும் அவர் குனிந்தபடியே தரையில் எதையோ தேடுவார். பிறகு மெல்ல நிமிர்ந்து, பக்கத்தில் நிற்பவரிடம் "காணேல்லை" என்பார். வரிசையே தோள் குலுங்கும். ஒருநாள் நான் பொறுக்க முடியாமல் நேரே போய் நின்றேன்.

"என்னத்தைத் தேடுறீங்கள்?"

"என்ரை மானத்தை, மிஸ். நேற்று இஞ்சதான் எங்கேயோ விழுந்தது. நீங்கள் கண்டனீங்களோ?"

இருபத்தைந்து பேர் சிரித்தார்கள். எனக்குக் காதுவரை சிவந்தது. அந்தக் காலத்தில் அப்படியொரு பகடி பேசியதற்கே ஒருவரைக் கொண்டுபோயிருப்பார்கள். அடுத்த நாள் உயிரோடு இருப்போமா என்று தெரியாமல்தான் அவர் அதைப் பேசினார். அவர் எவ்வளவு பெரிய காரியம் செய்துகொண்டிருந்தார் என்பது எனக்குப் புரியவில்லை. என்னைக் கேலி செய்கிறார் என்பது மட்டும்தான் புரிந்தது.

அடுத்த வாரம் அதிகாரி பார்வையிட வந்தான். நான் கட்டளை கொடுத்தேன். எல்லோரும் குனிந்தார்கள். உன் அப்பாவும் அன்று ஒழுங்காகவே குனிந்தார், தம்பி. பயந்திருந்தார், உதடு வெளுத்திருந்தது. ஒரு நொடி முந்தி நிமிர்ந்தார், அவ்வளவுதான். அதிகாரி அதைக் கவனிக்கவில்லை. அவன் திரும்பி வாசல்வரை போய்விட்டான். இன்னும் இரண்டு எட்டு வைத்தால் வெளியே போயிருப்பான். நான் ஜப்பானிய மொழியில், தெளிவான உச்சரிப்பில், "மறுபடி" என்றேன்.

யாரும் என்னை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. என் கண்டிப்பை அவன் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. இரண்டாம் வரிசை ஓரத்து மனிதருக்கு ஒரு பாடம் படிப்பிக்க வேண்டும் என்றும் தோன்றியது. அதிகாரி திரும்பி வந்தான். யார் என்று கேட்டான். நான் அடிமட்டத்தை நீட்டிக் காட்டினேன். அப்பா குனிந்தார். மறுபடி என்றான் அவன். குனிந்தார். மறுபடி. அந்த மூன்றாம் தடவை அவர் கீழேயே கொஞ்சநேரம் நின்றார். முதுகு நடுங்கிக்கொண்டிருந்தது. பழக்கதோஷமோ, பிடிவாதமோ, அவர் கண்கள் தரையைத் தேடின. பின்னால் யாரோ மூக்கால் சிரித்துவிட்டார்கள். அதிகாரி அவரை நிமிர்த்தி, உள்ளங்கையைக் குவித்து இடது காதோடு சேர்த்து இரண்டு அறை விட்டான். காதிலிருந்து கழுத்துப்பட்டி வரைக்கும் ஒரு மெல்லிய கோடாக ரத்தம் இறங்கியது. அதிகாரி என் பக்கம் திரும்பி, நல்ல ஆசிரியை என்றான். அன்று மாலை என் மேசையில் ஒரு பொட்டலம் சீனி இருந்தது. சீனியைக் கண்ணால் காணாத காலம். அதை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா கோப்பி போட்டார். நான் குடித்தேன். அது இனித்தது.

யுத்தம் முடிந்து சில வருடங்களில் ஒரு சம்பந்தம் வந்தது. பெயரைக் கேட்டதும் வேண்டாம் என்றேன். காரணம் சொல்ல முடியவில்லை, ஆகவே மறுக்கவும் முடியவில்லை. பெண் பார்க்க வந்த அன்று பெரியவர்கள் எங்களைப் பேசவிட்டு வெளியே போனார்கள். அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, வலது காதை என் பக்கம் வைத்துக்கொண்டார்.

"ஏன் என்னைக் கேட்டு வந்தனீங்கள்?" என்றேன். என் கைகள் அந்தப் படத்தில் வரும் கைகளைப்போல இருந்தன.

"கிள்ளானிலை வேறை ஒரு பெட்டையும் என்னை அவ்வளவு கவனமாய்ப் பார்த்ததில்லை" என்றார்.

நான் அழவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்பது என் வளர்ப்பில் இல்லை. அதற்கு அடுத்த முப்பது வருடங்களில் அவருடைய சட்டைக் காலரில் ஒரு சுருக்கம் இருக்க விட்டதில்லை. அதுதான் நான் கேட்ட மன்னிப்பு என்று அவர் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். நீ சிறு பிள்ளையாக அவர் மடியில் ஏறி, காதுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாய். "ஜப்பான்காரன் அடிச்சவன், ராசா. நான் ஒழுங்காக் குனியேல்லை" என்றார். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. ஆனால் அடுப்படியில் நின்ற என்னை அவர் ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நீ வளர வளர 'ஒழுங்காகக் குனியவில்லை' என்பது 'குனிய மறுத்தார்' என்று ஆயிற்று. பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதிப் பரிசும் வாங்கினாய். அந்தக் கட்டுரையின் எழுத்துப்பிழைகளைத் திருத்திக் கொடுத்தவள் நான். அந்தப் பெரிய பிழையை அப்படியே விட்டேன்.

அன்று நான் மண்டபத்தை விட்டு எழுந்தபோது அப்பாவும் என் பின்னால் வந்துவிட்டார். பஸ் தரிப்பிடத்தில் நின்றோம். "பகடிக்குச் சொன்னனான்" என்றார். நாலு நாள் அவரோடு பேசவில்லை. ஐந்தாம் நாள், நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, படத்தின் முடிவு என்னவென்று உன்னிடம் அவர் கேட்பது அடுத்த அறையிலிருந்து கேட்டது. நீ சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ரசக் கரண்டியைத் தூக்கி, ஜெனரலாக நடித்துக் காட்டினாய். அவர் ஒவ்வொரு தடவையும் உனக்கு வணக்கம் வைத்தார். உங்கள் இருவரின் சிரிப்பும் சுவரைத் தாண்டி வந்தது. நான் வாசல்வரை வந்து நின்றேன். உள்ளே வந்தால் நீங்கள் நிறுத்திவிடுவீர்கள் என்று தெரியும். திரும்பிப் போய் மடித்த துணியையே மறுபடி மடித்தேன். அவர் அந்தப் படத்தின் முடிவைக் கண்ணால் பார்க்காமலே போய்விட்டார். அவர் போன பிறகு எனக்குத் தொண்டையில் நிற்கும் முள் அதுதான். காதுகூட அதற்குப் பிறகுதான்.

இப்போது உனக்கு இரண்டு சொல்லவேண்டும். உன் அப்பா குனிந்தார். நான்கு தடவை குனிந்தார். அவரைக் குனியாத வீரனாக்கி மேடையில் நிறுத்தாதே, அந்த மனிதர் அங்கே இருக்கமாட்டார். எல்லோரையும்போலப் பயந்து குனிந்து, அந்தப் பயத்துக்குள்ளும் தரையில் மானத்தைத் தேடிக் காட்டியவர் அவர். நீ திரையில் ரசிக்கும் அத்தனையும் கிள்ளானில் ஒரு ஸ்டோர் ஆபீசில், இரண்டாம் வரிசை ஓரத்தில், காமெரா இல்லாமல் நடந்தது. மற்றது, வசந்தி பற்றியது. அவள் தடுக்கினால் தடுக்கட்டும். பிழையே விடாமல் வாசிக்கிற ஒருத்தியோடு ஒரு வீட்டில் இருப்பது எவ்வளவு குளிர் என்று அப்பாவிடம் கேட்டிருக்கலாம். அவர் சொல்லியிருக்கமாட்டார்.

சனிக்கிழமை நான் வருவேன், நீ இன்னும் என்னை வரச்சொன்னால். பத்து நிமிடம் வேண்டாம். எழுந்து நின்று, குச்சியோடு வரும் அந்தப் பெண்ணைக் கவனித்துப் பாருங்கள், அவளைப்போல் ஒருத்தி கிள்ளானிலும் இருந்தாள், அவள் நான்தான் என்று சொல்லிவிட்டு உட்காருவேன். அந்த மண்டபத்தில் பாதிப்பேர் என்னிடம் பியானோவும் ஆங்கிலமும் படித்தவர்கள். உனக்கு இது வெட்கமாக இருந்தால் வசந்தியிடம் இந்தக் கடிதத்தைத் திருப்பி அனுப்பு. ஒரு சொல்லும் எழுத வேண்டாம். எனக்குப் புரியும். நான் வீட்டில் இருந்துவிடுவேன்.

வரச்சொன்னால், என் இடப்பக்கத்தில் நீ உட்கார். பியானோ டீச்சர் ரொட்டிக்காரனின் முழங்கையைத் தட்டும் இடம் வரும்போது என் முகத்தைத் திரும்பிப் பார்க்காதே. அன்று சிரித்த மாதிரி, தொடையில் அடித்துக்கொண்டு சிரி. நான் எழுந்து போகமாட்டேன். என் பங்குக்கு நானும் சிரித்துப் பார்க்கிறேன். பழக்கமில்லை, முதல் தடவை சரியாக வராது. வராவிட்டால் பரவாயில்லை. மறுபடி என்று மட்டும் சொல்லாதே.

உன் அம்மா